பாட்டியின் கைக்குள் பேத்தியின் பாதம்!

பழைய சேலையில் ஒரு புதிய பரிசு

கிருஷ்ண ஜயந்தி நாள்.

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில் அயோத்யா மண்டபம் இருக்கிறது அல்லவா? அதைச் சுற்றியுள்ள தெருக்களில் அன்று மாலை நடந்து பாருங்கள்.

வாசலுக்கு வாசல் சின்னஞ்சிறு பாதங்கள்! தெருவில் தொடங்கிப் படியேறி, நடையைக் கடந்து, பூஜை அறைக்குள் போகின்றன. அடுக்குமாடி வீடுகளிலும் குறைவில்லை. அங்கே கண்ணன் லிப்டில் வந்து இறங்குகிறான்! லிப்டின் கதவருகே முதல் பாதம். அங்கிருந்து வீட்டுக் கதவு வரை வரிசையாக மற்றப் பாதங்கள்.

இந்தப் பாதம் போடுவது எப்படி என்று மாம்பலத்தில் பத்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவு வேண்டும். கையை மூடிக்கொள்ள வேண்டும். முஷ்டியின் ஓரத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் பாதம். விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால் விரல்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. குழந்தையின் காலையே மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றுவார்கள். மாவு சில்லென்று பட்டதும் குழந்தை வீறிடும். எல்லாரும் சிரிப்பார்கள். பாட்டி மட்டும் அன்று முழுவதும் அந்த ஒற்றைச் சுவட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடப்பாள்.

மறுநாள் காலை?

துடைப்பமும் ஈரத் துணியும் வருகின்றன. கண்ணன் பாதமும் போகிறது, குழந்தை பாதமும் போகிறது.

கண்ணன் அடுத்த ஆண்டும் அதே அளவுக் காலோடு வருவான். குழந்தை அப்படி வராது. அதன் கால் வளர்ந்துவிடும். குழந்தையே வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும்.

அந்தச் சுவட்டை அழியாமல் எடுத்துப் பாட்டிக்குக் கொடுக்க முடியாதா?

முடியும். அதிகச் செலவும் இல்லை. பாட்டியின் பழைய சேலை ஒன்று, ஊசி, நூல், ஓர் அட்டை, ஒரு பென்சில். இவ்வளவுதான் வேண்டும்.

குழந்தை போன பிறகு

மேற்கு மாம்பலத்தில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். பிள்ளை ஒரு தேசத்தில், பெண் ஒரு தேசத்தில் இருப்பார்கள். பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு வருவாள். மூன்றாம் மாதமோ, ஐந்தாம் மாதமோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள்.

அல்லது பாட்டியே விமானம் ஏறிப் போவாள். அமெரிக்காவுக்குப் பார்வையாளராகப் போகிறவர்கள் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். பத்தியம் சமைத்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, இரவெல்லாம் தோளில் போட்டுத் தட்டி வளர்த்த குழந்தை, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் பாட்டிக்குத் திரும்பும் நாள் வந்துவிடும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாட்டிக்கு அந்த ஆறு மாதமும் நெஞ்சில் நிற்கும். குழந்தைக்கு அதில் ஒரு நாள்கூட நினைவில் நிற்காது. மனிதர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முன் நடந்தது நினைவுக்கு வருவதில்லை. எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் அப்படித்தான்.

ஆகவே இருவரும் ஒன்றாக இருந்ததற்குக் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஓர் அடையாளம் இருந்தால் நல்லது. போட்டோக்கள் இருக்கின்றனவே என்பீர்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் டெலிபோனுக்குள் இருக்கின்றன. பாட்டிக்குக் கண்ணாடி போட்டாலும் அதில் சரியாகத் தெரிவதில்லை. தப்பான இடத்தில் விரல் பட்டால் படம் ஓடிப்போகிறது!

சேலை வந்த வழி

குழந்தை பிறந்ததும் முதலில் அதைச் சுற்றுவது எது? புதுத் துணி அல்ல. பாட்டியின் பழைய நூல் சேலை. தூளி கட்டுவதும் அதில்தான்.

இது சிக்கனத்துக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கம் அல்ல. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் மொடமொடப்பும் இருக்கும். நூறு முறை துவைத்த சேலையில் அவை எல்லாம் போய்விடும். பிறந்த குழந்தையின் தோலுக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. மதுரைச் சுங்குடி இதற்குப் பேர் போனது. அதிலும் மடிசார் கட்டும் பாட்டியாக இருந்தால் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஒன்பது கஜம், அதாவது எட்டு மீட்டருக்கு மேல்! தூளி கட்டி, இடுப்புத் துணி கிழித்து, அதன் பிறகும் மிச்சம் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்த சேலையில் அந்துருண்டை வாசம் வீசினால், அப்படியே குழந்தைமேல் போடக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை உண்டு. அந்துருண்டையின் ஆவி பட்டால் அவர்களுடைய ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே நன்றாகத் துவைத்து, ஒன்றுக்கு இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, வாசம் அடியோடு போன பிறகே எடுக்க வேண்டும். வாசம் போகவில்லை என்றால் வேறு சேலையைத் தேடுங்கள்.

பழைய சேலையைக் குழந்தைக்கென்று வைத்துக்கொள்வது தமிழ்நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. பீகாரில் பழைய துணிகளை அடுக்கித் தைத்துப் பிறந்த குழந்தைக்கு விரிப்புச் செய்கிறார்கள். ‘சுஜனி’ என்பது அதன் பெயர். வங்காளத்தில் ‘காந்தா’ என்கிறார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத் தையல் போடுவார்கள். அதற்கு வேண்டிய நூலையும் கடையில் வாங்காமல் சேலையின் கரையில் இருந்தே உருவிக்கொள்வார்கள். கிழிந்த சேலை வீணாகாமல் மறுபிறவி எடுத்துவிடும்.

தூளியாகத் தொங்கிய அதே சேலையில் ஒரு துண்டை எடுத்து, அதில் குழந்தையின் பாதத்தைத் தைத்துப் பாட்டிக்கே திருப்பிக் கொடுப்பதுதான் இந்தப் பரிசு.

எவை நிலைக்காது?

பலர் வேறு வழிகளை முயன்று ஏமாறுகிறார்கள்.

அரிசி மாவில் காலைத் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றலாம். அன்று மிக அழகாக இருக்கும். காய்ந்ததும் உதிரத் தொடங்கும். உதிராத மாவை எறும்பும் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். கோலம் போட்டதே எறும்புக்குத்தானே!

மஞ்சளைக் குழைத்துத் துணியில் ஒற்றினால்? மஞ்சள் வெயிலுக்கு ஆகாது. சில நாளில் வெளுக்கும். சோப்புப் பட்டாலோ சிவந்துபோகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சோப்பிலும் சுண்ணாம்பைப் போலக் காரத் தன்மை இருக்கிறது.

கடைக் குங்குமத்தையும் சாயத்தையும் குழந்தையின் காலில் தடவவே வேண்டாம். கைக்குழந்தை காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்ளும் ஜாதி. காலில் பூசியது வயிற்றுக்குப் போய்விடும்.

மைதாவும் உப்பும் பிசைந்து, அதில் காலை அழுத்தி, அச்சு எடுக்கும் முறை மேல்நாட்டில் உண்டு. குளிர் தேசத்துக்கு அது சரி. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சென்னையில் ஐப்பசி அடைமழையில் அந்த அச்சு கசிந்து, தளர்ந்து, பூசணம் பூத்துவிடும்.

‘பிளாஸ்டர் ஆப் பாரிஸ்’ என்ற வெள்ளைப் பொடியையும் சிலர் வாங்குகிறார்கள். இதில்தான் ஆபத்து அதிகம். தண்ணீர் சேர்ந்து இறுகும்போது அந்தப் பொடி சூடேறும். நிறையக் குழைத்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடு வரும். இறுகிய பிறகு கையை வெளியே எடுக்கவும் முடியாது. 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 16 வயது மாணவி ஒருத்தி, பள்ளியில் தன் கையை அச்சு எடுப்பதற்காக இந்தக் குழைவுக்குள் வைத்தாள். வெளியே எடுக்க முடியவில்லை. வெந்துபோன விரல்களில் பெரும்பாலானவற்றை அவள் இழந்துவிட்டாள். கத்திக் கூப்பிடத் தெரிந்த பெண்ணுக்கே அந்தக் கதி! சூடு என்று சொல்லத் தெரியாத குழந்தையின் காலை அதில் வைக்கலாமா? கூடவே கூடாது.

கை பதித்த கதை

மாவும் வேண்டாம், மையும் வேண்டாம் என்றால் எப்படித்தான் பதிப்பது?

சுற்றிக் கோடு போட வேண்டும். அவ்வளவுதான்!

மனிதன் கண்டுபிடித்த மிகப் பழைய வழிகளில் ஒன்று இது. இந்தோனேசியாவில் சுலவேசித் தீவில் ஒரு குகை இருக்கிறது. அங்கே யாரோ ஒருவர் பாறைமேல் கையை வைத்து, சுற்றிலும் செந்நிறச் சாயத்தை ஊதியிருக்கிறார். கையை எடுத்ததும் கையின் வடிவம் பாறையில் நின்றுவிட்டது. அது குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். யார் கையோ தெரியாது. கை மட்டும் இருக்கிறது.

மை தடவிக் கை பதித்ததிலும் ஒரு சுவையான கதை உண்டு. அது நம் நாட்டிலேயே நடந்தது. 1858ஆம் ஆண்டு, வங்காளத்தில் ஜங்கிப்பூர். வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை போடச் சரளை தருவதற்காக ராஜ்யதர் கொனாய் என்பவருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். பின்னால் “இது என் கையெழுத்து அல்ல” என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று துரைக்குச் சந்தேகம். உடனே கொனாயின் கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அழுத்திப் பதித்துக்கொண்டார்! சும்மா பயமுறுத்தச் செய்த காரியம். ஆனால் அந்தப் பதிவில் இருந்த ரேகைகள் ஹெர்ஷலை விடவில்லை. தம்முடைய விரல் ரேகையையே எடுத்து வைத்து, பல ஆண்டு கழித்து மறுபடியும் எடுத்து ஒப்பிட்டார். மாறவே இல்லை! கடைசியில், 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகை அலுவலகமே ஏற்பட்டுவிட்டது.

கையில் மட்டுமா ரேகை? உள்ளங்காலிலும் உண்டு. தாய் வயிற்றில் ஆறு மாதம் ஆவதற்குள் அவை உருவாகிவிடும். குழந்தை வளரும்போது ரேகையும் பெரிதாகுமே தவிர, கோலம் மாறாது.

இதை நம்பி அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் காலில் மை தடவி, அடையாளத்துக்காகப் பதித்து வைத்தார்கள். ஆனால் சின்னஞ்சிறு காலின் ரேகைகள் பெரும்பாலும் தெளிவாக விழவில்லை. அடையாளம் காண அது உதவாது என்று தெரிந்தது. அந்தக் காகிதத்தை அங்கே இன்றும் பல தாய்மார்கள் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அடையாளத்துக்கு எடுத்தது ஞாபகத்துக்கு ஆகிவிட்டது.

நம் பரிசுக்கு ரேகை வேண்டாம். வடிவம் போதும்.

காலை எப்படி வரைவது?

பிறந்த குழந்தையின் கையை வரைவது கஷ்டம். உள்ளங்கையில் எது பட்டாலும் அது விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து மாதம் வரை இந்தப் பிடி இருக்கும். உங்கள் பென்சிலையும் பிடித்துக்கொள்ளும்! அதனால் பாதமே சரி.

குழந்தை பால் குடித்து, ஏப்பம் விட்டு, அயர்ந்து தூங்க வேண்டும். மல்லாந்து கிடக்கும்போது, கல்யாணப் பத்திரிகை போன்ற கெட்டி அட்டையை உள்ளங்காலோடு ஒட்டினாற்போல ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் பென்சிலை நேராக நிறுத்திக் காலைச் சுற்றிக் கோடு போட வேண்டும். பென்சில் சாய்ந்தால் பாதம் குறுகிவிடும் அல்லது பருத்துவிடும். கூர் சீவிய பென்சில் வேண்டாம். மழுங்கியதே நல்லது. பேனாவும் வேண்டாம்.

அட்டை பட்டதும் குழந்தை கால் விரல்களைச் சுருட்டிக்கொள்ளும். விரல்களைப் பிடித்து இழுக்காதீர்கள். குதிகாலில் தொடங்கிச் சுண்டுவிரல் பக்கமாக, உள்ளங்காலின் வெளி ஓரத்தில் உங்கள் விரலால் மெல்லக் கோடு இழுத்துப் பாருங்கள். விசிறி மாதிரி ஐந்து விரல்களும் விரியும்! பச்சைக் குழந்தைகளுக்கு உள்ள இயல்பு இது. டாக்டர்களும் இப்படித்தான் பரிசோதிக்கிறார்கள். விரல் விரிந்த அந்த நொடியில் கோட்டை முடித்துவிட வேண்டும். ஒரே தடவையில் வராது. நாலு அட்டை வீணாகும், ஐந்தாவது அட்டையில் வரும்.

பிறந்த குழந்தையின் பாதம் சுமார் ஏழரை முதல் எட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களின் பாதம் போல நடுவில் குழிந்து இராது. உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருப்பதால், இட்லி போலத் தட்டையாகவும் தடித்தும் இருக்கும். அப்படியே வரையுங்கள், திருத்தாதீர்கள். முஷ்டியால் போடும் கண்ணன் பாதத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அது அழகுதான். ஆனால் கைக்குழந்தையின் பாதம் அப்படி இருப்பதில்லை.

கோட்டின் வழியே அட்டையைக் கத்தரித்து, அதன் பின்புறம் தேதியையும் குழந்தையின் எடையையும் எழுதி வையுங்கள்.

பாட்டியின் கை

பாதம் மட்டும் தைத்தால் அது குழந்தையின் ஞாபகம். பாட்டியின் கையும் அதில் இருந்தால்தான் இருவரின் ஞாபகம்.

பெரியவர்களின் உள்ளங்கை, விரல் நீங்கலாக, ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் இருக்கும். பிறந்த குழந்தையின் பாதம் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே முதலில் பாட்டியின் கையை வரைந்து, அந்த உள்ளங்கைக்குள் பாதத்தை வரைய வேண்டும்.

ஆனால் பாட்டிக்குத் தெரியாமல் பாட்டியின் கையை எப்படி வரைவது?

வீட்டில் நாலைந்து வயதில் மூத்த பேரன் இருந்தால் வேலை சுலபம். நோட்டுப் புத்தகத்தோடு அவனை அனுப்புங்கள்.

“பாட்டி, கையை இதுமேல வையேன்.”

“எதுக்குடா கண்ணா?”

“ஸ்கூல்ல வரைஞ்சுண்டு வரச் சொல்லியிருக்கா.”

பாட்டி மறுக்கமாட்டாள். வளையல் தடுக்கினால் கொஞ்சம் மேலே தள்ளிக்கொள்வாள். மூட்டுவலியால் ஒரு விரல் கோணலாக இருந்தால், கோணலாகவே வரட்டும். அதுதான் பாட்டி கை. பேரன் போட்ட கோடு வளைந்து நெளிந்து இருந்தாலும் அதை நேராக்க வேண்டாம். பரிசில் அவனுக்கும் பங்கு உண்டு.

(பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லிப் பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள், பாட்டி தூங்கும்போது வரைந்துகொள்ளலாம். ஆனால் பாட்டிகள் பகலில் தூங்குவதாக ஒப்புக்கொள்வதே இல்லை!)

தைக்கும் விதம்

சேலையில் கிழிசல் இல்லாத இடமாக ஓர் அடிச் சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தானைக் கரை ஒரு பக்கம் வந்தால் பார்வையாக இருக்கும். பழைய சேலை இற்றுப்போயிருக்கும். ஆகவே அதன் அடியில் காடாத் துணி ஒன்றை வைத்து, நாலு பக்கமும் பெரிய தையலாக ஓட்டிக்கொள்ள வேண்டும். காடாவை முதலில் நனைத்து உலர்த்துங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கும். மேலே உள்ள சேலைத் துண்டு உப்பிக்கொண்டு நிற்கும்.

நூல் வாங்க மாம்பலத்துக்காரர்களுக்குத் தூரம் இல்லை. ரெயில் நிலையப் பாலம் ஏறி இறங்கினால் ரங்கநாதன் தெரு. அந்தக் கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள், ரெயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023ஆம் ஆண்டு மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையில் போகலாம். எம்பிராய்டரி நூல் இரண்டு கண்டு போதும், இரண்டு நிறத்தில். சிவப்பு நூல் என்றால் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஒரு முழம் நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும்.

வங்காளத்துப் பெண்களைப் போலச் சேலைக் கரையில் இருந்தும் நூல் உருவலாம். ஆனால் பழைய நூல் பாதித் தையலில் அறுந்து பொறுமையைச் சோதிக்கும். தேதியை மட்டும் அந்த நூலில் தைத்தால் போதும்.

அட்டையைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, கையின் கோட்டை ஓட்டுத் தையலிலும் பாதத்தின் கோட்டைச் சங்கிலித் தையலிலும் தையுங்கள். ஓட்டுத் தையல் மெல்லியது, சங்கிலித் தையல் தடித்தது. பாதம் எடுப்பாகத் தெரியும். கால் விரல்களுக்கு மட்டும் தையலைச் சிறிதாக்க வேண்டும். பெரிய தையல் போட்டால் விரல்கள் ஐந்தும் ஒன்றாகிவிடும். ஒரு நாளைக்கு அரை மணி என்றால் பத்து நாளில் முடியும். கைக்குழந்தைக்காரிக்கு அந்த அரை மணி எப்போது கிடைக்கும் என்று கேட்காதீர்கள். தகப்பனாரும் தைக்கலாம். ஊசிக்கு ஆண் பெண் தெரியாது.

ஓராண்டு நிறைவன்று மறுபடியும் பாதத்தை வரையுங்கள். இப்போது சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். முதல் பாதத்தின் குதிகாலோடு குதிகாலைப் பொருத்தி, இரண்டாவது நிறத்தில் தையுங்கள். முதல் பாதம் உள்ளங்கைக்குள் இருக்கும். இரண்டாவது பாதத்தின் கட்டைவிரல், பாட்டியின் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தாண்டியிருக்கும்.

நூலும் சத்துரு!

தைக்கும் வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது எல்லாருக்கும் தெரியும். நூலைப் பற்றிப் பலருக்குத் தெரியாது.

அறுந்து விழுந்த ஒரு துண்டு நூலோ, ஒற்றைத் தலைமுடியோ குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொள்வது உண்டு. குழந்தை காலை உதைக்க உதைக்க அது இறுகும். விரல் சிவந்து, வீங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோகும். கவனிக்காமல் விட்டால் விரலுக்கே ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு சில மாதம் தாய்க்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அந்த நாட்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

பசி இல்லை, ஈரம் இல்லை, எறும்பும் கடிக்கவில்லை, ஆனாலும் குழந்தை நிறுத்தாமல் அழுகிறதா? காலுறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். நூல் ஆழமாகப் பதிந்திருந்தால் வீட்டிலேயே நோண்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஆகவே குழந்தை படுக்கும் பாயில் உட்கார்ந்து தைக்காதீர்கள். தைத்து முடித்த துணியையும் குழந்தைக்கு விரிக்காதீர்கள். அது பாட்டிக்கு உரியது.

அக்கரையில் பிறந்த குழந்தை

குழந்தை அமெரிக்காவில், சேலை மாம்பலத்தில் என்றால் என்ன செய்வது?

பாதம் வரைந்த அட்டையைத் தபாலில் அனுப்பலாம். ஒரு கடிதத்தின் கனம்தான். அவசரம் என்றால், அட்டைக்குப் பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பலாம். அளவுகோல் முக்கியம்! அது இல்லாவிட்டால் படம் எந்த அளவில் வேண்டுமானாலும் அச்சாகும். குழந்தையின் பாதம் யானைப் பாதம் ஆகிவிடும். அளவுகோலின் பத்து சென்டிமீட்டர் காகிதத்திலும் பத்து சென்டிமீட்டராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சில வீடுகளில் பாட்டியே உட்கார்ந்து தைக்கிறாள். பரிசைத் தானே தைத்துக்கொள்வதா என்று தோன்றலாம். ஆனால் கண் பார்வை இடம் கொடுத்தால், அதில் ஒரு சுகம் இருக்கிறது. இன்னும் கையில் எடுக்காத பேத்தியின் காலை, பத்து நாள் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

பெட்டிக்குள்

கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவது உண்டு. ஆனால் பாட்டிமார் பலர் துணியைச் சுவரில் மாட்ட விடுவதில்லை. பெட்டிக்குள் வைக்கவே விரும்புகிறார்கள். அதுவும் நல்லதே. வெயில் படாததால் நிறம் நிற்கும். மடிக்காமல் சுருட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலையோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் காயப் போட வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அந்த மடிப்பிலேயே நூல் இற்றுவிடும்.

இந்தப் பேட்டையில் ஏரியைப் பார்க்கும் சாலை என்று பொருள்படும் ‘லேக் வியூ ரோடு’ ஒன்று இருக்கிறது. ஏரியைத் தேடினால் கிடைக்காது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். மாம்பலத்துக்காரர்களுக்கு, இருந்த இடத்தின் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வது பழகிப்போன காரியம்.

துணியைக் கையில் கொடுத்ததும் பாட்டி முதலில் பாதத்தைப் பார்ப்பாள் என்றுதான் நினைப்பீர்கள். பார்க்கமாட்டாள். “இது அந்த அரக்குச் சுங்குடியோன்னோ!” என்று கரையைத்தான் தடவிப் பார்ப்பாள். எந்தக் கடையில் எடுத்தது, என்ன விலை, யார் கல்யாணத்துக்குக் கட்டியது என்று எல்லாம் வரும். அதன் பிறகுதான் கை கண்ணில் படும். அதற்குப் பிறகு, கைக்குள் இருக்கும் கால்.

அடுத்த விடுமுறைக்குக் குழந்தை வரும்போது அந்தத் துணியைத் தரையில் விரியுங்கள். பாட்டி யார் என்று தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிற வயதாக இருக்கும். “உன் கால் எது, காட்டு!” என்றால் குழந்தை ஓடி வந்து துணிமேல் ஏறி நிற்கும். பழைய பாதம் இரண்டும் அதன் காலடியில் மறைந்துபோகும். பக்கத்தில் பாட்டியும் மெல்லக் குனிந்து, தையலில் இருக்கும் தன் கைமேல் கையை வைத்துப் பார்ப்பாள்.